உண்ணுதல் கோளாறிலிருந்து பிள்ளையை மீட்கும் வீட்டாருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனரெக்சியா, புலிமியா என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் அம்மா, அப்பா, கணவர், அக்கா எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. பெரியவர்களுக்கு எது மாறும் என்பது 18ஆம் கேள்வியில் இருக்கிறது. கலோரிக் கணக்கும் எடைக் கணக்கும் வருவதால் நோயாளியின் கண்ணில் படாமல் படியுங்கள். மருத்துவர் பார்க்காமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு வைத்தியம் தொடங்க வேண்டாம்.

1. "ஒல்லியா இருக்கணும்னு டயட் இருக்கா. இதெல்லாம் ஒரு நோயா? வயசுக் கோளாறுதானே?"

டயட் இருப்பவரிடம் "அண்ணன் கல்யாணம், ஒரு டம்ளர் பாயசம் குடி" என்றால் குடித்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்வார். நோய் பிடித்தவரால் அது முடியாது. மூன்று நாள் முன்பே தூக்கம் போய்விடும். அன்று காலையிலிருந்து பட்டினி கிடப்பார், இல்லையென்றால் குடித்த கையோடு வாந்தி எடுக்கப் போவார். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை என்றால் அது நோய்தான்.

அனரெக்சியாவில் சாப்பாடு குறைந்துகொண்டே போய் உடம்பு பட்டினியில் விழும். புலிமியாவில் அடக்க முடியாமல் நிறையச் சாப்பிடுவதும், பிறகு வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, வெறித்தனமான உடற்பயிற்சி என்று அதை ஈடுகட்டுவதும் மாறி மாறி நடக்கும். ஈடுகட்டல் இல்லாமல் அடக்க முடியாத உண்ணல் மட்டும் இருந்தால் அது பிஞ்ச் ஈட்டிங். ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள். புலிமியா உள்ளவர்கள் பெரும்பாலும் சராசரி எடையில்தான் இருப்பார்கள். பருமனாக இருந்த பிள்ளை சில மாதங்களில் 15 கிலோ குறைத்து "இப்போதான் அளவா இருக்கா" என்று பெயர் வாங்கும்போதே அவள் இதயம் பட்டினியில் தவித்துக்கொண்டிருக்கலாம்.

1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். எடையில் கால் பங்கு போனது. அதோடு சமையல் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், சின்னச் சின்னதற்கெல்லாம் சீறினார்கள். அவர்கள் யாருக்கும் முன்பு இந்த நோய் கிடையாது. உங்கள் வீட்டில் இன்று பார்க்கும் பிடிவாதத்தில் பாதி, பட்டினி செய்கிற வேலை. மூளைக்குச் சோறு போன பிறகுதான் புத்திமதி ஏறும். இந்தப் பக்கத்தில் வரும் மற்ற பதில்கள் பலவும் இதிலிருந்து வருபவைதான்.

2. "குண்டாயிடுவேன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்லை. வயிறு உப்புது, பசிக்கலைன்னுதான் சொல்றா. இது எப்படி அனரெக்சியா ஆகும்?"

ஆகும். ஆசிய நாடுகளில் இப்படி வருவது நிறையவே உண்டு. எடை பயத்தைச் சொல்லாமல் "நெஞ்சு கரிக்குது, வயிறு அடைக்குது" என்று மட்டும் சொல்லி, குடல் டாக்டரிடம் எண்டோஸ்கோப்பி வரை போய், "ஒன்றும் இல்லை" என்று திரும்பி வந்து, அதற்குள் இன்னும் ஐந்து கிலோ போயிருக்கும். உண்மையான வயிற்று நோய், தைராய்டு, சர்க்கரை, காசநோய் இவற்றை ஒரு முறை பார்த்துத் தள்ளிவிடுவது சரி. பார்த்து முடித்த பிறகும் ஆறு மாதம் அதையே சுற்றிக்கொண்டிருப்பதுதான் தவறு.

உப்புசம் பொய் இல்லை. பட்டினி கிடந்த இரைப்பை மெதுவாகக் காலியாகும். நான்கு வாய்க்கே நிறைந்த மாதிரி இருக்கும். அதற்கு மருந்து, வேளை தவறாமல் சாப்பிடுவது. பல வாரங்களில் படிப்படியாகக் குறையும். "உனக்கு வலிக்கிறது நிஜம், சாப்பிடச் சாப்பிடத்தான் சரியாகும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

3. "நாங்க என்ன தப்பு பண்ணினோம்? வளர்த்த விதம் சரியில்லையா?"

இந்தக் குற்றவுணர்ச்சிக்கு வயது அதிகம். 1870களில் லண்டனில் இந்த நோய்க்குப் பெயர் வைத்த வில்லியம் கல் என்ற மருத்துவரே, நோயாளியைக் கவனிக்க உறவினர்கள்தான் மிக மோசமான ஆட்கள் என்று எழுதினார். நூறு வருடம் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அதே லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் அதைத் தலைகீழாக்கினார்கள்: பெற்றோர் கையில் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுத்தால் பதின்வயதினர் நன்றாகத் தேறுகிறார்கள் என்று கண்டார்கள். பதின்வயது அனரெக்சியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் குடும்பவழிச் சிகிச்சை அப்படி வந்ததுதான்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பரம்பரைக் கூறு பெரிது என்று காட்டுகின்றன. அதன்மேல் ஒரு டயட், காய்ச்சலில் குறைந்த எடை, பரீட்சைப் பதற்றம், யாரோ சொன்ன ஒரு சொல் என்று ஏதோ ஒன்று தீக்குச்சியாகிறது. எது என்று தோண்டுவதற்கு இப்போது நேரம் இல்லை. வீடு பற்றி எரியும்போது தண்ணீர் வாளியைத்தான் தூக்க வேண்டும்.

4. "எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?"

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள்:
- விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே
- ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே
- உடல் வெப்பம் 35.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே (96 பாரன்ஹீட்)
- எழுந்து நிற்கையில் மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வலிப்பு, படி ஏற முடியாத தசைத் தளர்ச்சி, ரத்த வாந்தி
- ஒரு நாள் முழுக்கச் சாப்பாடும் தண்ணீரும் மறுப்பது
- டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளை எடை குறைய இன்சுலினை விடுவது

நாடியை வீட்டிலேயே பாருங்கள்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முழு 60 விநாடி எண்ணுங்கள். "ஓடுற பிள்ளை, அதான் துடிப்பு கம்மி" என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். எடை குறைந்த பிள்ளைக்கு 45 துடிப்பு என்றால் இதயத் தசையும் பட்டினியில் இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கும், மிக வேகமாக எடை இழந்தவருக்கும் திடீரென்று தட்டு நிறையப் போடுவது ஆபத்து. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியத்தைச் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் நடப்பது இது. அதனால் அப்படிப்பட்டவருக்கு மருத்துவமனையில் அந்த மூன்றையும் அடிக்கடி பரிசோதித்துக்கொண்டு, தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுத்துத்தான் சாப்பாட்டை ஏற்றுவார்கள்.

5. "ரத்த டெஸ்ட், ஈசிஜி எல்லாம் நார்மல். அப்போ பயமில்லைதானே?"

அப்படி நம்பிவிடாதீர்கள். உடம்பு கடைசி வரை ரத்தத்தின் அளவுகளைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும். நேற்று நார்மலாக இருந்த பொட்டாசியம் இன்று நான்கு முறை வாந்தி எடுத்தால் விழும். 4ஆம் பதிலில் சொன்ன நாடி, அழுத்தம், வெப்பம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

6. "வீட்டில யாரு சாப்பாடு போடணும்? எவ்வளவு போடணும்?"

என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்வீர்கள். "உனக்கு எவ்வளவு வேணும்?" என்ற கேள்வி சில மாதங்களுக்கு வீட்டில் இருக்கக் கூடாது, அதற்குப் பதில் சொல்வது அவள் இல்லை, நோய். சமைக்கும்போது அவள் அடுப்படியில் நிற்க வேண்டாம், கடைக்கும் வர வேண்டாம். மூன்று வேளை, இடையில் மூன்று சிற்றுண்டி. இடைவெளி மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வாரம் அரை கிலோ ஏறுவது வீட்டுச் சிகிச்சையில் நல்ல வேகம். அதற்கு ஒரு நாளைக்கு 2,500 முதல் 3,000 கலோரி, சிலருக்கு அதற்கும் மேல் தேவைப்படும். தேறும் உடம்பு கரி அடுப்பு மாதிரி எரிக்கும். இரவில் வேர்த்துக் கொட்டினால் திகைக்காதீர்கள். வயிறு சின்னதாக இருப்பதால் அளவைக் கூட்டுவதைவிடச் சத்தை அடர்த்தியாக்குவதுதான் தந்திரம். ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை 170. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் 6% கொழுப்பு, நீலத்தில் 3%. 200 மில்லியில் ஏறக்குறைய 50 கலோரி வித்தியாசம், வயிற்றில் இடம் ஒன்றுதான். ரசம் சாதம், மோர், சூப், வெள்ளரிக்காய் இவை இடத்தை அடைத்துவிட்டு ஒன்றும் தராது.

ஒரு நாள் இப்படி இருக்கலாம். காலை 7.30க்கு நான்கு இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த பொடி, தேங்காய்ச் சட்னி, பால். 10.30க்கு இரண்டு கடலை உருண்டை, வாழைப்பழம். ஒரு மணிக்குப் பருப்பும் நெய்யும் போட்டு இரண்டு கப் சாதம், பொரியல், முட்டையோ மீனோ, கெட்டித் தயிர். நான்கு மணிக்குத் தேங்காய் போட்ட சுண்டலும் பால் காபியும். இரவு 7க்கு மூன்று தோசை, குருமா. 9.30க்குப் பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் பாலும். சரியான அளவை உங்கள் டாக்டரோ உணவியல் நிபுணரோ சொல்வார்.

நெய்யை ஒளித்து ஊற்றாதீர்கள். ஒரு நாள் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். "ஊத்தினியா?" என்று கேட்டால், "ஊத்தியிருக்கேன், இது உனக்கு மருந்து" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை ஸ்பூன் என்ற பேரத்துக்குள் போக வேண்டாம்.

7. "தட்டு முன்னாடி ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கா. நான் என்னதான் பேசுறது?"

குறைவாகப் பேசுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு 30, 40 நிமிடம், சிற்றுண்டிக்கு 15 நிமிடம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அடுத்த வாய் எடுத்துக்கோ, கண்ணு." "பயமா இருக்குன்னு தெரியுது, நான் இங்கேயேதான் இருக்கேன்." "தோசை ஆறுது." இதே மூன்று வாக்கியத்தை அதே குரலில் இருபது முறை சொல்ல நேரும். விவாதத்துக்கு இழுத்தால், "அதைச் சாப்பிட்டுட்டுப் பேசலாம்." ஊர்ப்பெயர் விளையாட்டு, பாட்டு, பழைய காமெடி என்று மனதைத் திருப்பும் எதுவும் உதவும்.

"சோறில்லாம எத்தனை பேர் இருக்காங்க", "எங்களைக் கொல்லாதே" இரண்டும் குற்றவுணர்ச்சியைக் கூட்டும். இந்த நோய்க்கு அதுதான் தீனி. "சூப்பர், எல்லாத்தையும் சாப்பிட்டுட்டியே!" என்பதும் வேண்டாம். அவள் காதில் அது "பேராசைக்காரி" என்று விழும். முடித்ததும் வேறு பேச்சு ஆரம்பித்துவிடுங்கள்.

தோசையை முப்பது துண்டாகப் பிய்ப்பது, நெய் படாத முறுகல் ஓரத்தை மட்டும் எடுப்பது, எண்ணெயை டிஷ்யூவில் ஒற்றுவது, வாய்க்கு ஒரு மடக்கு வெந்நீர் என்று பழக்கங்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் அளவு உள்ளே போகட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு பழக்கமாக எடுங்கள், டிஷ்யூவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

8. "தட்டைத் தள்ளிவிட்டா என்ன செய்ய? ஊட்டி விடலாமா?"

அவள் வாய் திறந்தால் தாராளமாக ஊட்டுங்கள். பதினாறு வயதானாலும் வெட்கம் இல்லை. "நான் சாப்பிடல, அம்மா ஊட்டினாங்க" என்று நோயிடம் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. தாடையைப் பிடித்துத் திணிப்பதும் அடிப்பதும் கூடவே கூடாது. புரையேறும், பயம் பதியும்.

நேரம் முடிந்தும் சாப்பிடாவிட்டால் அதே மதிப்புள்ள பானம்: 300 மில்லி நிறைகொழுப்புப் பால், ஒரு வாழைப்பழம், இரண்டு டேபிள்ஸ்பூன் வேர்க்கடலைப் பொடி, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை அடித்தால் ஏறக்குறைய 500 கலோரி வரும். அதுவும் முடியும்வரை போன், பள்ளி, டான்ஸ் வகுப்பு காத்திருக்கும். இதைத் தண்டனை மாதிரிச் சொல்லாதீர்கள். 103 டிகிரி காய்ச்சலில் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம், அதே கணக்குதான். விட்ட வேளையை அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பாதிக்கு மேல் மறுத்தால் சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்க மறுத்தால் 4ஆம் பதில்.

9. "சாப்பிடச் சொன்னா செத்துப்போறேன்ங்கிறா. மிரட்டலா, நிஜமா?"

நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் உயிர் போகும் காரணங்களில் தற்கொலையும் பெரிது. "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. மாத்திரைகள், பூச்சிமருந்து, எலி பேஸ்ட் எல்லாவற்றையும் பூட்டுங்கள் அல்லது வீட்டைவிட்டு எடுங்கள். தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கு இந்தியாவில் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 14416, இலங்கையில் 1926, இரண்டிலும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்துக்குத் தமிழ்நாட்டில் 108.

அதற்காகச் சாப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் "இதைச் சொன்னா விட்டுடுவாங்க" என்று நோய் கற்றுக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கவனிக்க முடியவில்லை என்றால் அதுவே மருத்துவமனையில் சேர்க்கப் போதுமான காரணம்.

10. "எல்லாத்தையும் சாப்பிடறா, ஆனா எடை ஏறவே இல்லை."

ஒன்று, அளவு போதவில்லை. 6ஆம் பதிலில் சொன்னபடி தேறும் உடம்புக்குத் தேவை ஏறிக்கொண்டே போகும்; மூன்றாவது வாரம் எடை ஏறாமல் நின்றால் 300 கலோரி கூட்டுங்கள். இரண்டு, உணவு வேறெங்கோ போகிறது: சட்டைப் பை, டிஷ்யூ, பூந்தொட்டி, டிபன்பாக்ஸோடு பள்ளிக் குப்பைத்தொட்டி. மூன்று, யாரும் பார்க்காதபோது உடற்பயிற்சி. நான்கு, 11ஆம் கேள்வி.

எடை வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மெல்லிய ஒரே உடையில், பை காலியாக. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் தராசு ஒரு கிலோ கூடக் காட்டும். சந்தேகமாக இருந்தால் டாக்டர் சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்துச் சொல்லிவிடுவார். வீட்டுத் தராசைப் பூட்டி வையுங்கள். பிடிபட்டால் "திருடி" என்று கத்தாமல், "நோய் இப்படிச் செய்ய வைக்கும்னு தெரியும், இனி நான் கூடவே இருப்பேன்" என்று சொல்லிக் கண்காணிப்பைக் கூட்டுங்கள்.

11. "சாப்பிட்டவுடனே பாத்ரூம் போயிடறா, தண்ணி திறந்துவிடற சத்தம் கேக்குது."

சாப்பாட்டுக்கு முன்பே போய்வரச் சொல்லுங்கள். முடிந்து ஒரு மணி நேரம் உங்களோடு கூடத்தில் இருக்கட்டும்: சீரியல், கேரம், தலை பின்னுதல், எதுவானாலும். அவசரம் என்றால் கதவு சற்றுத் திறந்திருக்கட்டும். காது கீழே கன்னம் வீங்குவது, விரல் முட்டியில் தழும்பு, பல் கூச்சம் இவை அடிக்கடி வாந்தி எடுப்பதன் அடையாளங்கள். வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்கக் கூடாது. அமிலத்தில் இளகிய பற்சிப்பி தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் போதும். பொட்டாசியம் பரிசோதனையை டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் எடுங்கள்.

பேதி மாத்திரை கலோரியை வெளியேற்றுவதில்லை. சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மாத்திரை வேலை செய்வது பெருங்குடலில், போவது தண்ணீர். நிறுத்தினால் சில நாள் கால் வீங்கி எடை ஏறும். அதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பயந்து மறுபடி ஆரம்பித்துவிடுவாள்.

12. "பையன் ராத்திரி யாருக்கும் தெரியாம டப்பா டப்பாவா முறுக்கு, பிஸ்கட் சாப்பிடறான். பீரோவில வெச்சுப் பூட்டிடலாமா?"

வேண்டாம். இரவில் வெடிப்பது பகலில் அடக்கி வைத்ததுதான். காலைச் சாப்பாட்டை விட்டு, மதியம் சாலட், இரவு வெறி என்ற சங்கிலியைக் காலையில்தான் அறுக்க வேண்டும். 6ஆம் பதிலின் அதே நேர அட்டவணை, எடை ஏற்ற வேண்டிய அளவு இல்லாமல். நேற்று இரவு அதிகம் சாப்பிட்டிருந்தாலும் இன்று காலை இட்லி உண்டு.

"இவ்வளவையும் நீயா தின்னே?" என்று காலி டப்பாவைக் காட்டாதீர்கள். ஒளிந்து சாப்பிடுவது அவமானத்தால். அதைக் கூட்டினால் இன்னும் ஆழமாக ஒளியும். எடை குறைக்கும் டயட்டைச் சிகிச்சையின் நடுவில் தொடங்க வேண்டாம். பையன்களுக்கு இந்த நோய் வராது என்ற நினைப்பால்தான் பல வீடுகளில் வருடக்கணக்கில் கண்டுபிடிக்காமல் போகிறது.

13. "நடக்கறது, ஜிம், பரதநாட்டியம் எல்லாம் உடம்புக்கு நல்லதுதானே?"

எடை குறைவாக, நாடி மெதுவாக இருக்கும்போது இல்லை. டாக்டர் அனுமதிக்கும்வரை பி.டி. வகுப்பு, நடனம், ஓட்டம் நிறுத்தம். நின்றுகொண்டே படிப்பது, மாடிப்படி பத்து முறை ஏறி இறங்குவது, நடுராத்திரி சிட்-அப் இவற்றையும் சேர்த்துத்தான். போனில் அடி எண்ணும் ஆப், கலோரி ஆப் இரண்டையும் நீக்குங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பு மெலிந்திருக்கும், குதிப்பதில் முறிவு வரலாம். கொழுப்பைக் குறைக்கும் ஜிம் "கட்டிங்" என்று சாதத்தை விட்டுப் புரோட்டீன் பவுடரில் வாழும் பையனுக்கும் இதே விதி.

14. "பசி டானிக், மாத்திரை ஏதாவது கொடுத்தா சரியாயிடாதா?"

அனரெக்சியாவுக்குச் சோறுதான் மருந்து. பசி இருந்தும் சாப்பிடப் பயம் என்பதே நோய். டானிக் அந்தப் பயத்தைத் தொடாது. ஒலான்சபைன் என்ற மனநல மருந்து சிலருக்குச் சிறிது உதவலாம். புலிமியாவில் புளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தை நாளைக்கு 60 மில்லிகிராம் வரை கொடுத்தால் வெறியுண்ணலும் வாந்தியும் குறைகின்றன. பட்டினியில் இருக்கும் அனரெக்சியாவில் அதே மாத்திரை வேலை செய்வதில்லை. புப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து வாந்தி எடுப்பவருக்கு வலிப்பைக் கொண்டுவரலாம். வேறு டாக்டரிடம் போனால் நோயின் பெயரை மறைக்காதீர்கள். மாதவிடாய் வர ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் ரத்தப்போக்கு வரும், ஆனால் எலும்பு தேறாது, தேறிவிட்டாள் என்ற பொய் நிம்மதிதான் மிச்சம்.

15. "சஷ்டி விரதம் இருக்கேன்ங்கிறா. சாமி விஷயத்தில எப்படி வேண்டாம்னு சொல்றது?"

உண்மையான பக்தியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த ஆறு நாளை நோய் வாங்கிக்கொண்டு திருப்பித் தராது. நோயாளிக்கு விரதம் இல்லை என்பது நம் வீட்டுப் பெரியவர்களே சொல்லும் வழக்கம். பாட்டியோ குருக்களோ சொன்னால் எளிதாக ஏறும். குர்ஆனிலும் நோயுற்றோருக்கு ரமலான் நோன்பில் விலக்கு இருக்கிறது, இமாமிடம் பேசுங்கள். கோயிலுக்குப் போகலாம், விளக்கேற்றலாம், பிரசாதம் உட்கார்ந்து சாப்பிடலாம். அன்னதானத்தில் பரிமாறும் வேலை மட்டும் வேண்டாம்: தான் சாப்பிடாமல் மற்றவருக்கு ஆசையாகப் போடுவதும் இந்த நோயின் முகம்.

நோய் தொடங்கிய சமயத்தில் திடீரென்று சைவமாகவோ பால்கூடத் தொடாதவராகவோ மாறியிருந்தால், பழைய சாப்பாட்டுக்குத் திருப்புங்கள். பிறந்ததிலிருந்தே சைவம் என்றால் சைவமாகவே எடை ஏற்றலாம். வீட்டில் மற்றவர்களும் டயட், இடைவிட்ட பட்டினி எதையும் இப்போது தள்ளிவையுங்கள்.

16. "சொந்தக்காரங்க 'உடம்பு வெச்சிருக்கே, இப்போதான் லட்சணம்'னு சொல்லிட்டாங்க. மறுபடி ரெண்டு நாளா சாப்பிடலை."

அவர்கள் அன்பாகச் சொன்னார்கள், அவளுக்கு "குண்டாயிட்டே" என்று கேட்டது. விசேஷத்துக்கு முன் நாலு பேருக்கு நீங்களே போன் செய்து ஒரே வரி சொல்லுங்கள்: "அவ சிகிச்சையில இருக்கா. உடம்பைப் பத்தியும் சாப்பாட்டைப் பத்தியும் பேசாதீங்க, படிப்பு, பாட்டு, எது வேணும்னாலும் பேசுங்க." யாராவது மீறினால் நீங்கள் உடனே குறுக்கிடுங்கள்: "அத்தை, அந்தப் பேச்சு வேண்டாமே. ஊர்ல மழை எப்படி?" அவளைப் பதில் சொல்ல விடாதீர்கள்.

கல்யாண வீட்டில் பந்தி இரண்டு மணிக்குப் போகும். அதுவரை காத்திருக்க வைக்காமல் 10.30 சிற்றுண்டியைப் பையில் கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் பந்தியில், உங்கள் பக்கத்து இலையில் உட்கார வையுங்கள். இலையில் என்ன என்பதை முதல் நாளே பேசி வைத்தால் பாதிப் பயம் குறையும்.

17. "நான் கண்டிப்பா இருந்தா, அவங்க அப்பா 'விடு, பாவம்'ங்கிறார். மாமியார் என்னையே குறை சொல்றாங்க."

இரண்டு பெரியவர்கள் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் நோய் அதில் புகுந்துவிடும். பிள்ளை தூங்கிய பிறகு பத்து நிமிடம் பேசி மறுநாள் சாப்பாட்டை முடிவு செய்யுங்கள். தட்டு முன்னால் கருத்து வேறுபாடு கூடாது. அப்பாவுக்கு "உதவி" என்று இல்லாமல் சொந்தமான வேளை கொடுங்கள்: காலை இட்லி முழுக்க அவர் பொறுப்பு என்றால் அந்தத் தட்டின் கனம் அவருக்கும் தெரியும். பாட்டியை டாக்டரிடம் ஒரு முறை கூட்டிப் போங்கள்.

தம்பி தங்கையைக் காவல்காரர் ஆக்காதீர்கள். அவர்கள் வேலை விளையாடுவதும் சிரிப்பதும்தான். வாரம் ஒரு மாலை நீங்கள் அவர்களோடு மட்டும் வெளியே போங்கள், பேச்சில் நோய் வராமல்.

18. "என் மனைவிக்கு 29 வயசு. குழந்தையைப் போல உட்கார வெச்சுச் சாப்பிட வைக்க முடியுமா?"

அவர் ஒப்புக்கொண்ட அளவுக்குத்தான். "எந்த வேளை தனியாச் சாப்பிட ரொம்பக் கஷ்டம்? அந்த வேளைக்கு நான் கூட இருக்கவா?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை எழுதி வைத்து அதை மட்டும் காப்பாற்றுங்கள். பெரியவர்களுக்கும் புலிமியாவுக்கும் உண்ணுதல் கோளாறுக்கென்றே வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) இருக்கிறது. எடை குறையாதவருக்கு ஏறக்குறைய 20 அமர்வு, எடை மிகக் குறைந்தவருக்கு 40.

4ஆம் பதிலின் நிலை வந்தும் மறுத்தால், இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் நியமனப் பிரதிநிதியின் (நோயாளி சார்பில் பேசச் சட்டப்படி உரிமை உள்ளவர்) விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை சேர்க்க வழி உண்டு. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. "மனநோய்னா கிளெய்ம் கிடையாது" என்று வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

19. "ஸ்கூலுக்கு அனுப்பலாமா?"

நாடி சரியாக இருந்து, வீட்டு வேளைகள் நிலைத்த பிறகு அனுப்பலாம். முதலில் அரை நாள். மதியம் ஒரு ஆசிரியரோ நர்ஸோ முன்னால் சாப்பிட வேண்டும். யாரும் இல்லை என்றால் நீங்களே போய் வாசலில் உட்கார்ந்து ஊட்டிவிட்டு வாருங்கள். பள்ளியில் எடை, பி.எம்.ஐ. அளக்கும் நாளில் அவளுக்கு விலக்கு கேளுங்கள்.

20. "எடை வந்துடுச்சு, டாக்டரும் சந்தோஷப்படறார். ஆனா இன்னும் அழறா, கண்ணாடியைப் பாக்க மாட்டேங்கிறா. எப்போதான் முடியும்?"

உடம்பு முதலில், மனம் பின்னால். எடை தேறி ஆறு மாதமோ ஒரு வருடமோ, சிலருக்கு அதற்கும் மேலோ கழித்துத்தான் எண்ணங்கள் தளரும். மாதவிடாய் திரும்பவும் சில மாதம் ஆகலாம். முதல் நான்கு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் அது நல்ல அறிகுறி. ஏறாவிட்டால் சோர்ந்துவிடாமல் குழுவிடம் திட்டத்தை மாற்றக் கேளுங்கள்.

"குறைந்தபட்ச எடை" வந்ததும் நிறுத்துவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. வளரும் பிள்ளைக்கு இலக்கு எடையும் வருடா வருடம் உயரும். நோய்க்கு முன் எந்த வளர்ச்சிக் கோட்டில் போய்க்கொண்டிருந்தாள் என்பதைப் பழைய தடுப்பூசி அட்டை, பள்ளி மருத்துவக் குறிப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள். பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பதும் மெதுவாகத்தான்: முதலில் நான்கு மணிச் சிற்றுண்டியை அவளே எடுத்துக்கொள்ளட்டும், இரண்டு வாரம் எடை குறையாமல் இருந்தால் காலை உணவு, பிறகு மதியம். எடை சரிந்தால் சண்டையில்லாமல் ஒரு படி பின்னால் வாருங்கள்.

21. "காலேஜ் ஹாஸ்டல்ல சேரணும்ங்கிறா. அனுப்பலாமா?"

குறைந்தது ஆறு மாதம் எடை நிலைத்து, யாரும் பார்க்காமல் மூன்று வேளையும் சாப்பிட்டு, தெரியாத ஓட்டலில் தெரியாத சாப்பாட்டைத் திணறாமல் முடிக்க முடிந்தால் யோசிக்கலாம். முதலில் சித்தி வீட்டில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் இரவு 7.30க்குச் சாப்பாடு, மறுநாள் 8 மணிக்கு இட்லி என்றால் பன்னிரண்டரை மணி நேர இடைவெளி. அறையில் பால் பவுடர், கடலை மிட்டாய், பேரீச்சை இருக்க வேண்டும்.

சேரும் முன்பே அந்த ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடையும் நாடியும் பார்த்து உங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அவளே கையெழுத்திட்ட சம்மதம் டாக்டரிடம் இருக்கட்டும். எத்தனை கிலோ குறைந்தால் வீட்டுக்கு வர வேண்டும் என்பதையும் இப்போதே, அவள் நன்றாக இருக்கும்போதே, உட்கார்ந்து பேசி எழுதுங்கள். இரண்டு கிலோ என்று வைத்தால் இரண்டு கிலோதான். செமஸ்டர் பரீட்சை அடுத்த வாரம் என்றாலும் அன்றிரவே பஸ் ஏற வேண்டும். அந்தத் தாளில் ஒரு பிரதி அவள் பர்ஸில், ஒன்று உங்கள் பீரோவில், ஒன்று டாக்டரின் கோப்பில்.